பல் டாக்டருக்கு மேல்மாடி

அந்த டாக்டரம்மா எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. நல்லவரா? தெரியாது. கெட்டிக்காரரா? அதுவும் தெரியாது. என் மகளைக் காப்பாற்றியது அவரா, மாத்திரையா, நாங்கள் கும்பிடுகிற அய்யாவா, இல்லை காலம்தான் போகிற போக்கில் செய்துவிட்டுப் போனதா, ஒன்றும் விளங்கவில்லை. வாயைத் திறக்காத பொம்பளை என்பது மட்டும் தெரியும். இந்த ஜில்லாவில் அப்படி ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எனக்கோ வாய் ஓயாது. சுசீந்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையல், பொட்டு, ரிப்பன், தலைக்குப் போடுகிற கிளிப், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பேனா. ஒரு சேஃப்டி பின் வாங்க வருகிறவளிடம்கூட, அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்காமல் விடமாட்டேன். அவளும் சொல்லாமல் போகமாட்டாள். சொன்னால்தான் மனுஷி, கேட்டால்தான் உறவு என்று நினைத்து வளர்ந்தவள் நான். என்னைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் மாட்டிவிட்டது என் தலையெழுத்து.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தலை பின்னிவிடும்போது உச்சியில் வட்டமாக முடி இல்லாமல் இருப்பதைப் பார்த்தேன். புழுவெட்டு என்று முடிவு கட்டினேன். புழுவெட்டுக்கு எங்கள் பக்கத்தில் சின்ன உள்ளியை, அதான் சின்ன வெங்காயத்தை, நறுக்கித் தேய்ப்போம். நானும் தேய்த்தேன். வட்டம் பெரிதானது. உள்ளிதான் போதவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பிள்ளை ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது புழுவெட்டு இல்லை, பிள்ளையே பிய்க்கிறாள் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தன் முடியைத் தானே யாராவது பிய்ப்பார்களா? ஏட்டி, ஏன் பிய்க்கிறாய் என்று கேட்டால், தெரியாதும்மா என்றாள். மறுபடி கேட்டால் அழுதாள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். பிறகு சோறு வேண்டாம் என்றாள். பிறகு எதுவுமே சொல்லவில்லை. வாயாடி வயிற்றில் இப்படி ஒரு ஊமைப் பிள்ளையா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

தோல் டாக்டர் நாகர்கோவிலிலேயே மனநல டாக்டர் ஒருவரைச் சொன்னார். நான் போகவில்லை. நாகர்கோவிலில் யார் கண்ணிலும் படாமல் ஒரு தெருவைக் கடக்க முடியுமா? நாளைக்குப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, அந்தப் பெண்ணைக் கோட்டி டாக்டர் வீட்டு வாசலில் பார்த்தேனே என்று எவளாவது ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது கதை. அதனால்தான் புதுக்கடைக்குப் போனோம். சுசீந்திரத்தில் ஏறி, நாகர்கோவிலில் மாறி, கருங்கல் வழியாக உருண்டு உருண்டு போய்ச் சேர வேண்டும். அந்த மூலையில் நம்மை யாருக்குத் தெரியப்போகிறது? அதோடு கட்டடமும் வசதி. கீழே பல் டாக்டர். வாசலில் ஆள் உயரத்துக்குச் சிரிக்கிற பல் படம். மேல்மாடியில்தான் இந்த அம்மா. அவருக்கு மாடிப்படியில் ஒரு சின்னப் பலகை, அவ்வளவுதான். யாராவது பார்த்தால் பல்லுக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் நாள் படியேறி உள்ளே போகிறேன், பெஞ்சில் என் மைனி உட்கார்ந்திருக்கிறாள். என் சொந்த அண்ணன் பெண்சாதி. பக்கத்தில் அவள் மகன், பத்து வயதுப் பயல். எனக்கும் மைனிக்கும் முகத்தில் ஈயாடவில்லை. மைனிதான் முதலில் சமாளித்தாள். பயலுக்குப் பல்வலி, கீழே கூட்டம், அதனால் மேலே வந்து உட்கார்ந்தோம் என்றாள். பயல் முறுக்கைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கும் பல்தான் மைனி என்றேன். என்ன பாடு, பல்வலி வந்தால் பாடுதான் என்று இரண்டு பேரும் பல்லைப் பற்றியே வெகுநேரம் பேசினோம். ஊரில் பாதிப் பேர் என்னைப் போலவே யோசித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா குள்ளம். பருத்திச் சேலை, நரைத்த முடியில் ஒரு கறுப்பு கிளிப். ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே மாடி ஏறி வந்துவிடுவார். கதவை அவரே திறந்து பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தாய் தகப்பனைக் கூப்பிடமாட்டார். அன்றைக்கு என் மகளை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே பெஞ்சில் காய்ந்தேன். பிறகு என்னையும் கூப்பிட்டு, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இவ உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, இல்ல யாராவது இவளுக்குக் கேடு செய்யுதாங்கன்னு தெரிஞ்சா, அந்த நிமிஷமே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். இது இவளுக்கும் தெரியும். மத்ததெல்லாம் இவ சொன்னாத்தான். என்கிட்ட கேக்காதீங்க, இவகிட்ட கேளுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெற்றவள் நான். பத்து மாதம் சுமந்தவளுக்கு இல்லாத உரிமை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்த இந்த அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது? ஆனால் மகள் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து ஒரு ஆளைப் பார்த்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மூடினால் எத்தனை நாளைக்கு மூட முடியும்? ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு வழி தேடுவேன். ஒருநாள் மட்டிப்பழம் நல்ல கனிந்த சீப்பாகக் கொண்டுபோனேன். எங்கள் ஊர் மட்டிப்பழத்துக்கு மசியாத ஆள் உண்டா? ஒன்றைப் பிய்த்துத் தின்றார். பழம் நல்ல மணம் என்றார். மிச்சத்தை வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். நான் விடவில்லை. காரணம் என்னன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர், எனக்கு மனசு வெப்ராளம் தாங்கல்ல என்றேன். காரணம் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எவனாவது காரணமாக இருந்தால் போய் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன் என்றேன். பள்ளிக்கூடம் காரணமாக இருந்தால்? அங்கேயும் போய்க் கேட்பேன். நீங்களே காரணமாக இருந்தால் என்றார். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அதைச் சும்மா கேட்டாரா, தெரிந்து கேட்டாரா என்று வழிநெடுக பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு நாள் வேறு வழியில் போனேன். எங்க மைனிக்க மகன் இங்கதானே வாறான், அவனுக்கு என்ன டாக்டர் என்று மெல்லக் கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "யாரு?" என்றார். பெயரைச் சொன்னேன். அடையாளம் சொன்னேன். முறுக்கு தின்கிற பயல் என்றேன். எனக்குத் தெரியாதே என்று ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில்தான் அந்தப் பயல் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படியும் பச்சைப் பொய் சொல்லும் ஒரு டாக்டரா என்று எனக்குக் கோபம் வந்தது. பஸ் கருங்கல் தாண்டும்போதுதான் உறைத்தது. மைனியும் என் மகளைப் பற்றி இவரிடம் கேட்டிருப்பாள். மைனி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. அவளுக்கும் இதே "யாரு?" தான் கிடைத்திருக்கும். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை.

பிள்ளையின் அப்பா மஸ்கட்டில். அவருக்கு என்னைவிட அவசரம். ஃபோனில் நாள் தவறாமல் கத்துவார். ஏதாவது பையன் விவகாரமா, எவன் அவன், டாக்டருக்குப் பணம் கொடுக்கிறோமே, அவள் சொல்ல வேண்டாமா என்பார். ஒருநாள் கிளினிக்கில் இருக்கும்போதே வீடியோவில் கூப்பிட்டார். நான் ஃபோனை அப்படியே டாக்டரம்மாவிடம் நீட்டிவிட்டேன், நீரே கேட்டுக்கொள்ளும் என்று. பிள்ளையின் அப்பா என்னென்னவோ கேட்டார். அந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டு, மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள் அண்ணே, அவளிடம் கேளுங்கள் என்று ஃபோனை மகள் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவு நேரம் துள்ளிய மனுஷன் மகள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார். தலையில் துணி கட்டியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சாப்பிட்டியா மக்கா?" என்றார். இல்லப்பா என்றாள். சாப்பிடு என்றார். சரி என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதார்கள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் போய் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகள் இரண்டு தோசை தின்றாள். ஏன் தின்றாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சுசீந்திரம் தேரோட்டத்தின்போது ஒரு வேடிக்கை நடந்தது. கடையில் நிற்க இடமில்லை. கல்லாப்பெட்டிப் பக்கம் என் மாமியார் வேறு உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால் கூட்டத்தில் டாக்டரம்மா. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அறிமுகமும் இல்லை. கறுப்பு கிளிப் இருக்கா என்றார். எடுத்துக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் சின்னது இருக்கா என்றார். அதையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் மகள் உள்ளே நின்று வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளையும் பார்க்கவில்லை. யாரு மக்களே அது, நீ அவளையே பாக்குதியே என்று மாமியார் கேட்டார். யாரோ தேர் பார்க்க வந்தவ அத்தை என்றேன். எவ்வளவு திமிர் என்று உள்ளே போய் மகளிடம் பொரிந்தேன். மகள் சிரித்தாள். நம்ம முதல்ல சிரிச்சா அவிய சிரிப்பாவம்மா, நீ சிரிக்கல்லல்லா என்றாள். நான் எங்கே சிரிக்க, மாமியாரை வைத்துக்கொண்டு? அவள் சிரித்ததையே நான் அன்றைக்குப் பெரிதாக நினைத்தேன். முடி கொஞ்சம் முளைத்துக்கூட வந்திருந்தது. எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நிழல்தாங்கல் கோவிலில் போய் அய்யாவைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நாள் வந்தது. வழக்கமாக அந்தக் கதவு திறக்கும், மகள் வெளியே வருவாள், நாங்கள் கிளம்புவோம். அன்றைக்குக் கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே வாங்கம்மா என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மகள் நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"முதல் நாள் நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன், நினைவிருக்கா?" என்றார்.

எத்தனை நாள் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவரைப் பிய்த்துப் பிடுங்கியிருக்கிறேன்! அன்றைக்கு, "வேண்டாம் டாக்டர், சொல்லாதீங்க" என்றேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

"சொல்லணும்மா. சொல்லச் சொன்னதே உங்க மகதான். அவளுக்கு வாய் வரல்ல. இவளுக்குச் சாகணும்னு தோணுது. கொஞ்ச நாளா தோணுதாம், இன்னைக்குக் கூடுதலா இருக்குன்னு இப்பத்தான் சொன்னா."

அந்த அம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இவளைத் தனியே விடக்கூடாது. வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்த நேரமானாலும் கூப்பிட ஒரு நம்பர். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கோவிலுக்குக் கூட்டிப்போகலாமா என்றுதான் கேட்கத் தோன்றியது. தாராளமாகப் போங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். ஏன் என்று குடைய வேண்டாம், இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள் என்றும் சொன்னார்.

பிள்ளையின் அப்பா லீவு போட்டு வந்தார். நான் மகளைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கண் முன்னாலேயே வைத்துக்கொண்டேன். பொட்டு அட்டைகளைக் கலர் பார்த்து அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். இப்பம் எப்படி இருக்கு மக்கா என்று கேட்பேன். அப்படியேதான் இருக்கு என்பாள். இன்னொரு கேள்வி தொண்டை வரை வந்து முட்டும். விழுங்குவேன். வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான், பிரசவம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு புதுக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த விதமே மாறிப்போனது. கதவு திறக்கும்போது மகள் தனியாக வந்தால், அப்பாடா என்று இருக்கும். டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் என் பக்கம் திரும்பினால் உயிர் போய்விடும். இந்த அம்மா இனி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்க வேண்டும் என்று அய்யாவிடம் வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். அவரும் பேசவில்லை. பழம் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார். மழை வந்தால் மழை என்பார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அதே நேரம், என் பிள்ளையின் மனதில் இருப்பதை யாரோ ஒருத்தி பூட்டி வைத்திருக்கிறாளே என்ற பொறாமையும் ஒரு பக்கம் தின்றது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பத்தாம் வகுப்பைத் தட்டித் தடுமாறித் தாண்டினாள். அவள் பன்னிரண்டு முடிக்கிற சமயத்தில் டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டார். எங்கே போனார் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. யார் பார்த்தால் என்ன என்று எனக்கும் ஆகியிருந்தது; அடுத்து நாகர்கோவிலிலேயே ஒரு இளவட்ட டாக்டர். அவர் எல்லாவற்றையும் சொல்வார். மூளையின் படத்தை ஃபோனில் காட்டி, இங்கே இது சுரக்கிறது, அங்கே அது குறைகிறது என்று விளக்குவார். எனக்கு ஒன்றும் விளங்காது. மைனியை அங்கேயும் பார்த்தேன். இந்தத் தடவை யாரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது மகள் நாகர்கோவிலில் பி.காம். படிக்கிறாள். தலை நிறைய முடி. போன வாரம் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், காலேஜ் பையோடு வந்து உட்கார்ந்தாள். என்னவோ எனக்கு வாய் நிற்கவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"கோவிக்காத மக்கா. அந்த டாக்டரம்மாகிட்ட அப்படி என்னதான்ட்டி சொன்ன?"

"எதை?"

"அதான், காரணம்."

அவள் யோசித்தாள். ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். அவர்கள் கேட்கவும் இல்லையாம். பின்னே அவ்வளவு நேரம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தீர்கள் என்றேன். கை எப்போது தலைக்குப் போகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பார்களாம். போகும்போது அந்தக் கைக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்று பார்ப்பார்களாம். இந்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்பாராம், இவள் சொல்வாளாம். சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம்.

"அப்பம் அவியளுக்கும் காரணம் தெரியாதா?"

"எனக்கே தெரியாதும்மா."

இத்தனை வருஷமும் காலிப் பெட்டிக்கா நான் சாவி கேட்டுக்கொண்டு அலைந்தேன்? சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சரி, போகட்டும், எப்படியோ எல்லாம் சரியாகிவிட்டது, அது போதும் என்றேன்.

"சரியாயிட்டுன்னு யாரும்மா சொன்னா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கொஞ்ச நாளா மறுபடி அந்த நினைப்புதான் வருது. அதை உன்கிட்ட சொல்லத்தான் கிளாஸுக்குப் போகாம வந்தேன்."

எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. இது என்ன கேடுகெட்ட சந்தோஷம் என்று எனக்கே புரியவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துச் சொல்ல இந்தத் தடவை யாரும் வேண்டியிருக்கவில்லை. அவளே வந்து, அவள் வாயாலேயே சொல்கிறாள்.

ரிப்பன் கேட்டு ஒரு பெண் வந்தாள். பிறகு வா மக்களே என்று அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். இப்பம் எப்படி இருக்கு, சொல்லு மக்கா என்றேன்.

அவள் சொன்னாள்.